அப்டேட்டா? 20-ஆம் தேதி தாண்டட்டும்

மாதத்தின் முதல் பாதியில் என்னை யாரும் தேடுவதில்லை. 14-ஆம் தேதி தாண்டியதும் போன் அடிக்க ஆரம்பித்துவிடும்.

"அக்கா, எக்செல்ல பவர் க்வெரி டேபையே காணோம்."

"அக்கா, போன மாசம் வரைக்கும் ஓடுச்சு. இன்னைக்கு ரிஃப்ரெஷ் கொடுத்தா மஞ்சள் பட்டையில என்னமோ இங்கிலீஷ்ல திட்டுது."

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையின் முதல் கட்டம், இரண்டாம் கட்டம், பாகலூர் ரோட்டுப் பட்டறைகள், சூளகிரிப் பக்கம் புதிதாக எழும்பியிருக்கும் ஷெட்டுகள் என்று எங்கிருந்தாவது வரும். எல்லாம் சிறிய ஆலைகள். வரிசையாக சிஎன்சி மெஷின் ஓடும், கணக்குக்கு மட்டும் ஒரே ஆள். அவரேதான் ஸ்டோர்ஸ், அவரேதான் டிஸ்பாட்ச், அவரேதான் சம்பளப் பட்டியல். சப்ளையர்கள் காட்டிய பில்களைப் பட்டியலிடும் 2பி அறிக்கை ஜிஎஸ்டி போர்ட்டலில் 14-ஆம் தேதி வந்து விழும். மாதா மாதம் 3பி ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு 20-ஆம் தேதி கடைசி. அந்த இடைவெளியில்தான் எல்லாரும் எக்செல்லைத் திறப்பார்கள், அந்த இடைவெளியில்தான் எக்செல்லும் "புதிய பதிப்பு தயார்" என்று கண்ணடிக்கும். கைவிரல் சும்மா இருக்காது.

நானும் ஓசூரில் ஒரு உதிரிபாக ஆலையில் கணக்கு பார்க்கிறவள்தான், கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆனாலும் ஒரே பதிலை எத்தனை பேருக்கு போனில் சொல்வது? எழுதி வைத்துவிட்டால் லிங்க் அனுப்பிவிடலாம் என்றுதான் இந்த நீண்ட பதிவு.

முதலில் ஊர்க்கதை கொஞ்சம். கோயம்புத்தூரில் கணக்கு பார்ப்பதும் இங்கே பார்ப்பதும் ஒன்றில்லை. 1970-களில் பின்தங்கிய தருமபுரி மாவட்டத்துக்குத் தொழில் கொண்டுவர சிப்காட் இங்கே இடம் எடுத்தது. 80-களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எல்லாம் காலூன்றின. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பிறகும் வளர்ச்சி நிற்கவில்லை. போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் வரை வந்துவிட்டது. ஆனால் எங்களைப் போன்ற சின்ன ஆலைகளுக்குச் சரக்கு வருவது பாதிக்குப் பாதி கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து. கம்பி பீன்யாவிலிருந்து, கட்டிங் டூல் பெங்களூரிலிருந்து, பிளேட்டிங் பொம்மசந்திராவில், ஹீட் ட்ரீட்மென்ட் ஜிகிணியில். அட்டைப்பெட்டி மட்டும் கிருஷ்ணகிரியிலிருந்து.

ஆகவே எங்கள் பர்ச்சேஸ் ரெஜிஸ்டரில் ஜிஎஸ்டி எண்கள் 29 என்றும் தொடங்கும், 33 என்றும் தொடங்கும். 33 தமிழ்நாடு: மத்திய வரி பாதி, மாநில வரி பாதி. 29 கர்நாடகா: ஐஜிஎஸ்டி முழுதாக. அத்திப்பள்ளியில் இருக்கிற சப்ளையர் எங்கள் ஆலைக்குக் கிருஷ்ணகிரி சப்ளையரைவிடப் பக்கம். டீ குடிக்கப் போய்வருகிற தூரம். வரிக்கணக்கில் மட்டும் வேறு உலகம்.

2017 ஜூலை 1-க்கு முன்னால் இருந்தவர்களுக்கு சி ஃபார்ம் ஞாபகம் இருக்கும். அதைக் கொடுத்தால் மத்திய விற்பனை வரி 2 சதவீதம், கொடுக்காவிட்டால் முழு வரி. ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் லாரி வரிசை நிற்கும். ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சாவடி போயிற்று, சி ஃபார்ம் துரத்துகிற வேலையும் பெருமளவு குறைந்தது. சாவடியில் ஆபீசர் பார்த்ததை இப்போது கணக்குப் பிள்ளை எக்செல்லில் பார்க்கிறார், அவ்வளவுதான் மாற்றம்.

இது எப்படி நம் தலையில் விழுந்தது என்பதற்கும் தேதி இருக்கிறது. ஆரம்பத்தில், சப்ளையர் தன் ரிட்டர்னில் பில்லைக் காட்டினாரோ இல்லையோ, கையில் பில் இருந்தால் உள்ளீட்டு வரியை எடுத்துக்கொண்டோம். 2019 அக்டோபரில் விதி 36(4) வந்தது: போர்ட்டலில் தெரிகிற தொகைக்கு மேல் 20 சதவீதம் வரைதான் கூடுதலாக எடுக்கலாம். 2020 ஜனவரியில் அது 10 சதவீதமானது, 2021 ஜனவரியில் 5. 2022 ஜனவரியிலிருந்து சுத்தமாக இல்லை. 2பி-யில் இருந்தால் கிரெடிட், இல்லாவிட்டால் இல்லை. ஆகவே ஒவ்வொரு பில்லையும் கணக்கு மென்பொருளான டாலியில் ஒரு பக்கம், 2பி-யில் ஒரு பக்கம் வைத்து ஒத்துப் பார்க்காமல் ரிட்டர்ன் போட முடியாது. பவர் க்வெரிக்கு ஓசூரில் இத்தனை கிராக்கி வந்தது இதனால்தான்.

பவர் க்வெரி என்ன செய்கிறது? வெளியே இருக்கிற டேட்டாவை எக்செல்லுக்குள் இழுத்துவரும். வரும் வழியில் நாம் சொன்ன மாற்றங்களைச் செய்யும்: மேலே உள்ள வெட்டி வரிகளை நீக்கு, தலைப்பை வை, காலி இடத்தைத் துடை, இரண்டு பட்டியலை ஒப்பிடு. செய்த ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதிவைத்துக்கொள்ளும். அடுத்த மாதம் புது ஃபைலை அதே இடத்தில் அதே பெயரில் வைத்து ரிஃப்ரெஷ் கொடுத்தால் எல்லாவற்றையும் தானே மறுபடி செய்யும். விலுக்அப் போட்டு, இழுத்து, ஹேஷ் என்ஏ வந்த இடங்களை மஞ்சள் அடித்து உட்கார்ந்திருந்த காலத்தை நினைத்தால் கைகூப்பத் தோன்றும்.

இதற்கு ஆட்-இன் என்ற கூடுதல் நிரல் வேண்டுமா என்பது உங்கள் எக்செல் எந்த வருடத்தது என்பதைப் பொறுத்தது. 2013 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் இதை டேட்டா எக்ஸ்ப்ளோரர் என்ற பெயரில் முன்னோட்டமாக விட்டது. அதே வருடம் ஜூலையில் பவர் க்வெரி என்று பெயர் மாறியது. எக்செல் 2010, 2013 இரண்டுக்கும் அது தனியாக இறக்கிப் போட வேண்டிய ஆட்-இன். 2016 வந்தபோது டேட்டா டேபுக்குள்ளேயே, கெட் அண்ட் டிரான்ஸ்ஃபார்ம் என்ற பகுதியாக உட்கார்ந்துவிட்டது. அதனால் 2016-க்கு மேல் வைத்திருக்கிறவர்கள் "பவர் க்வெரி டேபைக் காணோம்" என்று தேட வேண்டாம். அப்படி ஒரு டேப் அங்கே கிடையாது. டேட்டா டேபுக்குப் போங்கள்.

இன்னமும் 2013 வைத்திருக்கிற ஆலைகள் எனக்குத் தெரியும். குறை சொல்லவில்லை. மெஷினுக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்கியவர் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குச் செலவழிக்க யோசிப்பார். அவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆட்-இன் 32 பிட், 64 பிட் என இரண்டாக வரும். இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். பார்க்க வேண்டியது விண்டோஸ் எத்தனை பிட் என்பதில்லை, ஆபீஸ் எத்தனை பிட் என்பது. 64 பிட் விண்டோஸில் 32 பிட் ஆபீஸ் உட்கார்ந்திருப்பது மிகச் சாதாரணம். 2019 வரை மைக்ரோசாஃப்ட்டே 32 பிட்டைத்தான் முதல் தேர்வாகப் போட்டுக் கொடுத்தது. எக்செல்லில் ஃபைல், அக்கவுன்ட், அபவுட் எக்செல் என்று போனால் முதல் வரியின் கடைசியில் எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் இறக்கினால் இன்ஸ்டால் பாதியில் நின்று, பொருந்தாது என்று சொல்லும்.

போட்டாயிற்று, டேபும் வந்தது, ஒரு நாள் காணாமல் போயிற்று. இதுதான் அடுத்த புகார். எக்செல் திடீரென்று மூடிக்கொண்டால், அடுத்த முறை திறக்கும்போது அந்த நேரத்தில் ஓடிய ஆட்-இன் மேல் சந்தேகப்பட்டு ஓரம் கட்டிவிடும். ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் போங்கள். அடியில் மேனேஜ் என்ற பெட்டியில் முதலில் டிஸேபிள்டு ஐட்டம்ஸ் தேர்ந்தெடுத்து கோ கொடுங்கள். அங்கே இருந்தால் எனேபிள் செய்யுங்கள். இல்லாவிட்டால் அதே பெட்டியில் காம் ஆட்-இன்ஸ் தேர்ந்தெடுத்து, பவர் க்வெரிக்கு எதிரே டிக் இருக்கிறதா என்று பாருங்கள். பத்துக்கு எட்டு பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வதெல்லாம் கடைசி வழி.

பழைய ஆட்-இன்னுக்கு அப்டேட் வருவது நின்று வருடங்கள் ஆகின்றன. எக்செல் 2010-க்கான ஆதரவு 2020 அக்டோபர் 13-இலும், 2013-க்கு 2023 ஏப்ரல் 11-இலும் முடிந்தது. 2016-உம் 2019-உம் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தன. விண்டோஸ் 10-உம் அன்றுதான். மறுநாள் காலையில் எதுவும் நின்றுபோகாது. பாதுகாப்புத் திருத்தம் வராது, அவ்வளவுதான். ஆனால் வரித்துறை போர்ட்டல் பாஸ்வேர்டும் பேங்க் பாஸ்வேர்டும் இருக்கிற கம்ப்யூட்டரில் அந்த "அவ்வளவுதான்" சின்ன விஷயமில்லை.

இப்போது மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருக்கிறவர்கள் பக்கம். உங்களுக்கு ஆட்-இன் பிரச்சினை இல்லை, ஆனால் அப்டேட் உங்களைக் கேட்காமல் வரும். பெரும்பாலும் நல்லதுக்குத்தான். புது இணைப்புகள், வேகம் எல்லாம் கிடைக்கும். பிடிஎஃப்பிலிருந்து நேரடியாக அட்டவணையை இழுக்கிற வசதி 2016-இல் கிடையாது, 365-இல் உண்டு. தகராறு எங்கே வருகிறதென்றால், ஆடிட்டர் ஆபீசில் 365, ஆலையில் 2016. ஆடிட்டர் ஆபீஸ் தம்பி புது வசதியை வைத்து க்வெரி எழுதி அனுப்புவார். இங்கே திறந்தால், இது புதிய பதிப்பில் செய்தது, சரியாக ஓடாமல் போகலாம் என்று எச்சரிக்கை வரும். சில சமயம் ஓடும், சில சமயம் நடுவில் ஒரு படி சிவப்பாகும். புதியதில் எழுதியது பழையதில் ஓடும் என்று நம்ப வேண்டாம். பழையதில் எழுதியது புதியதில் பெரும்பாலும் ஓடும். எனவே ஃபைல் எத்தனை கம்ப்யூட்டர் சுற்றப்போகிறதோ, அதில் எது பழையதோ அங்கே உட்கார்ந்து எழுதுங்கள்.

அப்டேட் போட்டால் உடனே இந்த மாத வேலையை ஆரம்பிக்காதீர்கள். நம் ஷாப் ஃப்ளோரில் டூல் மாற்றினால் என்ன செய்கிறோம்? முதல் பீஸை எடுத்து அளந்து, சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் லாட் ஓடும். அதையே இங்கேயும் செய்யலாம். போன மாத 2பி ஃபைலையும், போன மாத டாலி ரெஜிஸ்டரையும், ரிட்டர்ன் போட்ட மொத்தத்தையும் ஒரு ஃபோல்டரில் தொடாமல் வைத்திருங்கள். அப்டேட் ஆனதும் க்வெரியை அந்தப் பழைய ஃபைல் மேல் ஓட விடுங்கள். ஐஜிஎஸ்டி, மத்திய வரி, மாநில வரி மூன்றும் ஏற்கெனவே போட்ட ரிட்டர்னோடு ரூபாய் பிசகாமல் வர வேண்டும். வந்தால் மேலே போகலாம். வரவில்லையென்றால், 20-ஆம் தேதிக்கு இன்னும் நாள் இருந்தால்தான் கண்டுபிடிக்க நேரம் இருக்கும். அதனால்தான் தலைப்பிலேயே சொன்னேன். 365-இல் ஃபைல், அக்கவுன்ட், அப்டேட் ஆப்ஷன்ஸ் போய் ரிட்டர்ன் வாரத்தில் நிறுத்திவைக்கலாம். ஆனால் 21-ஆம் தேதி மறக்காமல் திறந்துவிடுங்கள். நிறுத்தியது நிறுத்தியபடி வருடக்கணக்கில் கிடக்கிற கம்ப்யூட்டர்களும் இந்த ஊரில் உண்டு.

மாறுவது எக்செல் மட்டுமில்லை, 2பி ஃபைலும் மாறும். 2024 அக்டோபரில் பில்லை ஏற்கலாம், நிராகரிக்கலாம், நிறுத்திவைக்கலாம் என்ற ஐஎம்எஸ் வசதியைப் போர்ட்டலில் கொண்டுவந்தார்கள். அதை ஒட்டி 2பி-யின் அமைப்பும் மாறியது. ஒரு பத்தியின் தலைப்பு ஓரெழுத்து மாறினாலும் பவர் க்வெரி, இந்தப் பத்தியைக் காணவில்லை என்று நின்றுவிடும். அதன் மேல் கோபப்படாதீர்கள். நிற்பதுதான் மரியாதை. நிற்காமல் தப்பாக ஓடுவதுதான் ஆபத்து.

தப்பாக ஓடுகிற இடம் தேதி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதில் எச்சரிக்கை எதுவும் வராது.

எங்கள் பக்கத்து ஆலைகளில் பாதிக் கம்ப்யூட்டர் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் அசெம்பிள் செய்து வாங்கியது. விண்டோஸைப் போட்டுக் கொடுக்கிறவர் மொழி, நாடு எல்லாவற்றையும் அமெரிக்க ஆங்கிலத்திலேயே விட்டுவிடுவார். போர்ட்டல் ஃபைலில் தேதி நம் முறையில், நாள் முன்னால், மாதம் பின்னால், எழுத்தாக இருக்கும். பவர் க்வெரி ஃபைலைப் படித்ததும் தானாகவே சேஞ்ச்டு டைப் என்று ஒரு படி போட்டு, தேதி போலத் தெரிவதைத் தேதியாக மாற்றும். அமெரிக்க முறையில் 05/07/2025 என்றால் மே 7. நம் பில் ஜூலை 5. 12-ஆம் தேதிக்கு மேல் உள்ள பில்கள் எர்ரர் ஆகும், ஏனென்றால் 13-ஆவது மாதம் கிடையாது. அது கண்ணில் படும். ஆனால் 1 முதல் 12 வரையுள்ள தேதிகள் சத்தமில்லாமல் நாளும் மாதமும் இடம் மாறி உட்கார்ந்துவிடும். எர்ரர் வந்ததை மட்டும் கையால் திருத்திவிட்டு, மீதி சரி என்று நினைத்துக்கொள்வார்கள். மீதிதான் தப்பு.

வழி இரண்டு. அந்தத் தானியங்கிப் படியை அழித்துவிட்டு, தேதிப் பத்தியில் வலது க்ளிக், சேஞ்ச் டைப், யூசிங் லொகேல் போய், தேதி என்றும் இந்திய ஆங்கிலம் என்றும் கொடுங்கள். அல்லது க்வெரி ஆப்ஷன்ஸில் கரன்ட் ஒர்க்புக் பகுதியில் ரீஜனல் செட்டிங்ஸை இந்தியாவாக மாற்றுங்கள். நான் முதல் வழியைத்தான் சொல்வேன். அந்த வழியில் ஃபைல் எந்தக் கம்ப்யூட்டருக்குப் போனாலும் படிக்குள்ளேயே நாடு எழுதியிருக்கும்.

அதே தானியங்கிப் படி பில் எண்ணையும் பதம் பார்க்கும். சிஎஸ்வி ஃபைலில் முதல் 200 வரியைப் பார்த்துத்தான் அது எண்ணா, எழுத்தா என்று தீர்மானிக்கிறது. முதல் 200 பில்லும் வெறும் எண்ணாக இருந்து, அதற்கப்புறம் சாய்கோடு போட்ட பில் எண் வந்தால் எர்ரர். முன்னால் பூஜ்யம் வைத்த எண்களில் பூஜ்யம் பறந்துவிடும். விதிப்படி பில் எண் 16 எழுத்து வரை போகலாம். எக்செல்லோ 15 இலக்கத்துக்கு மேல் எண்ணாக நினைவில் வைக்காது. 16 இலக்கமும் எண்ணாகவே பில் எண் வைக்கிற சப்ளையர் இருந்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். இ-வே பில் எண் 12 இலக்கம். சாதாரண செல்லில் நடுவில் புள்ளியும் கடைசியில் 'இ'யும் போட்டுக் காட்டும். ஆகவே பில் எண், ஜிஎஸ்டி எண், இ-வே பில் எண் மூன்றையும் எப்போதும் டெக்ஸ்ட் என்றே வையுங்கள். கூட்டிக் கழிக்கப்போகிற எண்ணா அது?

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. மனித மரபணுக்களுக்கு மார்ச்1, செப்ட்1 என்று பெயர் வைத்திருந்தார்கள். எக்செல் அவற்றைத் தேதியாக மாற்றி மாற்றி விஞ்ஞானிகளையே அலுக்க வைத்தது. கடைசியில் 2020-இல் பெயர் வைக்கிற குழு மரபணுக்களின் பெயரையே மாற்றியது. அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான் தானாக மாற்றாதே என்று சொல்லும் வசதி எக்செல் ஆப்ஷன்ஸில் வந்தது. அதே 2020-இல் இங்கிலாந்தில் கொரோனா சோதனை முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் இறக்கியதில், 65,536 வரிக்கு மேல் அந்த வடிவத்தில் இடமில்லாமல் 15,841 நோயாளிகளின் விவரம் பட்டியலில் ஏறாமல் விடுபட்டது. நாம் இழப்பது ஒரு சப்ளையரின் கிரெடிட். அங்கே விடுபட்டது, தொற்று உள்ளவரோடு பழகியவர்களைத் தேடிப்போகும் வேலை. இன்னமும் எக்ஸ்எல்எஸ் வடிவில் சேமிக்கிற பழக்கம் உள்ளவர்கள் அதை விட்டுவிடுங்கள்.

அடுத்தது டாலி. அதுவும் எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சரக்குதான். 1986-லிருந்து இருக்கிற பெங்களூர்க் கம்பெனி. டாலியிலிருந்து எக்செல்லுக்கு டேட்டாவைக் கொண்டுவர இரண்டு வழி. பர்ச்சேஸ் ரெஜிஸ்டரை எக்செல்லாக எக்ஸ்போர்ட் செய்து, அந்த ஃபைலைப் பவர் க்வெரிக்குக் காட்டுவது ஒன்று. ஓடிபிசி வழியாக நேராக இழுப்பது இன்னொன்று. ஓடிபிசி கேட்க நன்றாக இருக்கும். அதற்கு டாலி திறந்திருக்க வேண்டும், கம்பெனி லோடாகியிருக்க வேண்டும், 9000 போர்ட்டை வேறு எந்தச் சாஃப்ட்வேரும் பிடித்திருக்கக் கூடாது, டிரைவரின் பிட்டும் எக்செல்லின் பிட்டும் பொருந்த வேண்டும். மறுபடி அதே பிட் சண்டை. விண்டோஸில் 32 பிட் ஓடிபிசி மேலாளர் இருக்கிற ஃபோல்டர் பெயர் சிஸ்வாவ்64. 64 பிட்டுக்கானது இருப்பது சிஸ்டம்32. யார் தலையில் உதித்ததோ!

எக்ஸ்போர்ட் ஃபைல் வழியே எனக்குப் போதும். அந்த ஃபைல் கையில் இருந்தால், அன்றைக்கு டாலியில் என்ன இருந்தது என்பதற்கு அத்தாட்சியும் இருக்கும். ஓடிபிசியில் இழுத்த பிறகு யாராவது பழைய தேதியில் ஒரு பில் ஏற்றினால், ரிட்டர்ன் போட்டபோது என்ன தெரிந்தது என்று காட்ட ஒன்றும் மிஞ்சாது.

இரண்டு பட்டியலையும் இணைக்கும்போது பெயரை வைத்து இணைக்காதீர்கள். இங்கே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிற ஊர். லட்சுமி, மஞ்சுநாதா, வெங்கடேஸ்வரா என்று தொடங்குகிற கம்பெனிகள் எல்லைக்கு இரண்டு பக்கமும் நிறைய. ஒரே பெயரை டாலியில் ஒரு விதமாகவும் போர்ட்டலில் ஒரு விதமாகவும் அடித்திருப்பார்கள். ஏறக்குறைய ஒத்துப்போவதைச் சேர்க்கிற ஃபஸ்ஸி மெர்ஜ் 365-இல் இருக்கிறது, ஆசைப்பட வேண்டாம். ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் ஒட்டி ஒரு பத்தி செய்து, இரண்டு பக்கமும் காலி இடத்தைத் துடைத்து, எழுத்தையெல்லாம் பெரிய எழுத்தாக்கிய பிறகு இணையுங்கள். பவர் க்வெரிக்குச் சின்ன ஏ வேறு, பெரிய ஏ வேறு.

இணைக்கும்போது ஃபயர்வால் என்று ஒரு எர்ரர் வரலாம். ஒரு இடத்து டேட்டாவை இன்னொரு இடத்துக்குக் கசியவிட்டுவிடுவோமோ என்று அது பயப்படுகிறது. இரண்டும் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிற ஃபைல்தான் என்றால், பிரைவசி லெவலில் இரண்டையும் ஆர்கனைசேஷனல் என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். யூடியூபில் சொல்வது போல எல்லாவற்றையும் இக்னோர் செய்வது, இணையத்திலிருந்து எதுவும் இழுக்காதவரைக்கும் பரவாயில்லை.

வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றுகிற இலவச ரீகன்சிலியேஷன் ஆட்-இன்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஃபைலை வலது க்ளிக் செய்து, ப்ராபர்ட்டீஸில் அன்பிளாக் டிக் போடுங்கள் என்று கூடவே ஒரு வீடியோவும் வரும். இணையத்திலிருந்து வந்த ஃபைலில் உள்ள மேக்ரோவை 2022-லிருந்து ஆபீஸ் தானாகவே தடுக்கிறது. எக்ஸ்எல்எல் வகை ஆட்-இன்களை 2023-லிருந்து. அந்தத் தடையை எப்படி நீக்குவது என்றுதான் அந்த வீடியோ. எழுதியவர் யார் என்று தெரிந்து, அவரிடம் கேள்வி கேட்க முடிந்தால் தாராளமாகப் போடுங்கள். நம் ஊர் வரி ஆலோசகர்கள் சிலர் அருமையாக எழுதுகிறார்கள். ஆனால் எந்த ஆட்-இன்னாவது போர்ட்டல் பாஸ்வேர்டைக் கேட்டால் அங்கேயே மூடிவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற மென்பொருள்கள் ஜிஎஸ்டி சுவிதா நிறுவனங்கள் வழியாக, நீங்கள் போர்ட்டலில் ஏபிஐ அனுமதி கொடுத்து, ஓடிபி சொன்ன பிறகுதான் டேட்டாவை எடுக்கும். பாஸ்வேர்டு அவற்றுக்குத் தேவையில்லை.

எல்லாம் சரியாக ஓடி, பட்டியலும் வந்துவிட்டது என்று வையுங்கள். எல்லைக்காரர்களான நாம் முதலில் பார்க்க வேண்டியது எது? 2பி-யில் கிரெடிட் கிடைக்காது என்று குறித்த வரிகளை. அதில் ஒரு காரணம் அடிக்கடி வரும்: சப்ளையரின் மாநிலமும் சரக்கு போய்ச் சேர்ந்த மாநிலமும் ஒன்று, வாங்கியவரின் மாநிலம் மட்டும் வேறு. பெங்களூரில் லாட்ஜில் தங்கிய பில் இப்படித்தான் வரும். அதில் ஒன்றும் செய்ய முடியாது. கட்டடம் இருக்கிற இடம்தான் கணக்கு. அந்த வரி கர்நாடகாவுக்குப் போனது போனதுதான். நம் 33 எண்ணை வைத்துக்கொண்டு அதைத் திரும்பக் கேட்க வழியில்லை.

ஆனால் ஓசூருக்கே வந்து இறங்கிய சரக்குக்கும் சில சமயம் பெங்களூர் பில் போலப் பாதி மத்திய வரி, பாதி கர்நாடக வரி என்று போட்டு அனுப்பியிருப்பார்கள். பக்கத்து ஊர்தானே என்ற நினைப்பு. எங்கள் க்வெரியில் இதற்கென்று ஒரு பத்தி வைத்திருக்கிறேன்: ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 33 இல்லாமல், ஐஜிஎஸ்டி பூஜ்யமாக இருந்தால் "கூப்பிடு" என்று காட்டும். ரிஃப்ரெஷ் ஆனதும் நான் முதலில் ஃபில்டர் போடுவது அதில்தான். 14-ஆம் தேதியே அது தெரிந்துவிட்டால் போனை எடுக்கலாம்.

"சார், ஓசூர் சரக்குக்கு ஐஜிஎஸ்டி பில் பேக்கு."

"இது அத்திப்பள்ளி மேடம், நடந்தே வந்துடலாம், இதுக்குப் போயி..."

"நடந்து வந்தாலும் 29, 33-தான் சார். பழைய பில்லுக்கு கிரெடிட் நோட் போட்டு, புதுசா அனுப்புங்க. இந்த மாசம் உங்க பேமென்ட்ல அந்த வரியை மட்டும் நிறுத்தி வைக்கிறேன்."

பேமென்ட் என்றதும் அன்று சாயந்திரமே புது பில் மெயிலில் வரும். ஆனால் அது அடுத்த மாத 2பி-யில்தான் தெரியும். அதுவரை க்வெரியில் அந்த வரியைத் தனியாக ஒரு ஷீட்டில் நிறுத்திவையுங்கள். ஒரு நிதியாண்டின் பில்லுக்கு, அந்த ஆண்டு முடிந்து வருகிற நவம்பர் 30 வரைதான் கிரெடிட் எடுக்க முடியும். அந்த ஷீட்டை அக்டோபரில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.